அயலாரை எந்தப் பெயரால் அழைப்போம்?



தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சில காலத்துக்கு முன்னர் ஓர் அடக்கச் சடங்கை நிறைவேற்றச் சென்றிருந்தோம். இறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய். நாற்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்தவர். மழையென்றும் பனியென்றும் பாராமல் ஞாயிறு பூசைக்கு மலையிறங்கி வந்தவர். செபமாலை அவர் கையை விட்டு நீங்கியதை அந்த லயத்தார் கண்டதில்லை.

அந்த இழவு வீட்டில் மூன்று விதமான பிள்ளைகள் நின்றார்கள். மூத்த மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு செபக் கூட்டத்தில் சேர்ந்து, அங்கே இரண்டாம் முறையாக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டவர். மருமகன் சைவர், தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் ஆண்டுதோறும் காவடி எடுப்பவர். மகளோ தாயின் வழியில் கத்தோலிக்க விசுவாசத்தில் நிலைத்திருப்பவர். செபமாலை தொடங்கியதும் மூத்த மகன் எழுந்து லயத்துக் கானோரம் போய் நின்றுகொண்டார். மருமகன் போகவில்லை. செபம் தெரியாவிட்டாலும், கைகட்டித் தலைகுனிந்து, முடியும் வரை நின்றார். பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவரும் அவரே.

பெட்டியை மூடுவதற்கு முன்னர் அந்த மகள் நம்மைத் தனியே அழைத்தார். "சாமி, சொரூபத்தைக் கும்பிட்ட அம்மாவுக்கு மோட்சம் இல்லைன்னு அண்ணன் சொல்றாரு. கோயிலுக்குப் போற எங்க வீட்டுக்காரருக்கும் இல்லையாம். நெசமா சாமி?" என்று கேட்டார்.

வாசகர்களே, இக்கேள்வி அந்த ஒரு லயத்தில் மட்டும் எழுந்ததன்று. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும், நம் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் இக்கேள்வியோடு வாழ்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது. ஆகவே இவ்வாரம் அதைச் சற்று நிதானமாக ஆராய்வோம். நம்மை விட்டுப் பிரிந்த கிறிஸ்தவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு? கிறிஸ்துவை அறியாத, அல்லது ஏற்காத அயலாருக்கும் நமக்கும் என்ன உறவு?

இரண்டு பழைய சொற்கள்

நம் பாட்டிமாரின் பழைய செபப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று "பதிதர்". மற்றது "அஞ்ஞானிகள்". பதிதர் என்றால் விழுந்துபோனவர். புரட்டஸ்தாந்து சபையாரை நம் முன்னோர் இப்படித்தான் குறிப்பிட்டார்கள். அஞ்ஞானிகள் என்றால் மெய்யறிவு இல்லாதவர்கள். இந்துக்களும் பௌத்தர்களும் இந்தச் சொல்லுக்குள் அடக்கப்பட்டார்கள்.

அவ்வாறு பேசியது நாம் மட்டுமல்ல. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர், அதற்கு முன்னரே இந்துக்களின் வழிபாட்டை அஞ்ஞானம் எனக் கண்டித்து ஒரு சிறு நூலை அச்சிட்டார். தேம்பாவணி தந்த நம் வீரமாமுனிவரோ, அந்த லுத்தரன் சபையாரைக் கண்டித்து "வேதவிளக்கம்", "லுத்தேரினத்தியல்பு" முதலிய நூல்களை எழுதினார். இருவரும் தமிழுக்கு அரும்பணி செய்தவர்கள். ஆயினும் எதிர்த் தரப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இருவர் எழுதுகோலிலும் காரம் மிகுந்துவிடும்.

மேல்நாட்டு மொழிகளில் அஞ்ஞானிக்கு வழங்கும் "பேகன்" என்ற சொல்லின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. இலத்தீனில் "பாகானுஸ்" என்றால் நாட்டுப்புறத்தான், கிராமத்தான் என்பதே அதன் பழைய பொருள். அது எவ்வாறு மதப் பெயராயிற்று என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எப்படியாயினும், பட்டணத்தார் நாட்டுப்புறத்தாரைப் பார்க்கும் பார்வை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "தோட்டக்காட்டான்" என்ற வசையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது விளங்காத சங்கதியா?

இன்று நிலைமை எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். நாம் ஒரு காலத்தில் பதிதர் என்றழைத்தவர்களின் வழிவந்த சிலர், இன்று நம்மையே அஞ்ஞானிகள் என்கிறார்கள். சொரூபம் வணங்குகிறோமாம், தேர் இழுக்கிறோமாம், கொடியேற்றுகிறோமாம். நாம் பிறர் மீது எறிந்த கல் சுற்றிவந்து நம் கூரையிலேயே விழுந்திருக்கிறது. இதைத் திருப்பி எறிவதா, கீழே போடுவதா என்பதே இன்றைய கேள்வி.

ஊவா மண் கண்டது

வரலாறு நமக்கு இங்கே ஒரு பெரிய பாடத்தை வைத்திருக்கிறது. அதைத் தேடி நாம் உரோமைக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊவா மண்ணிலேயே அது தொடங்குகிறது.

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1620-களின் முற்பகுதியில் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர். அவரே 1630-ல் ஊவாவுக்குள் படையோடு புகுந்தார். பதுளை நகர் தீக்கிரையானது. திரும்பும் வழியில் வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலவில் கண்டிப் படை அவரை வளைத்துக்கொண்டது. அவரும் அங்கே மாண்டார். அவர் கத்தோலிக்கர். அவர் படையினர் பலர் கழுத்தில் சிலுவை தொங்கியது. இதை மறைப்பதால் நமக்குப் பெருமை வந்துவிடாது.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1658-ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கல்வின் வழிச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அவர்கள் ஆணை பிறப்பித்தார்கள். அந்த இருண்ட காலத்தில், 1687-ல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இந்நாட்டுக்கு வந்தவரே புனித யோசேப் வாஸ் அடிகளார். 1692-ல் அவர் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைப்படுத்தப்பட்டார். அவரைப் பற்றி அரசனிடம் கோள் சொன்னவர் ஒரு கல்வின் சபைக் கிறிஸ்தவர் என்று வரலாறு கூறும். பின்னர் அவரை விடுவித்து, நாடெங்கும் நற்செய்திப் பணி புரிய இடங்கொடுத்தவர் யார்? பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உற்றாரே கைவிட்டு ஓடிய நோயாளிகளை மதம் பாராமல் அந்தக் குருவானவர் பராமரித்தார். 1711-ல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015 ஜனவரி 14-ந் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

கத்தோலிக்கர் கோவிலை இடித்தார். கிறிஸ்தவர் கிறிஸ்தவரை வேட்டையாடினார். பௌத்த மன்னர் திருச்சபைக்குக் கூரை கொடுத்தார். இம்மூன்றும் ஒரே நூற்றாண்டில் இந்தச் சிறிய தீவில் நடந்தவை. சத்தியம் நம்மிடம் இருக்கிறது என்று சொல்லும் நாவு, அன்பு யாரிடம் இருந்தது என்றும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 மார்ச் 12-ல், திருச்சபையின் பிள்ளைகள் ஒற்றுமைக்கு எதிராகவும் பிற சமயத்தவரின் பண்பாட்டுக்கும் மதத்துக்கும் எதிராகவும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திருச்சபையின் தலைவரே முழந்தாளிட்ட பின், நாம் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது அழகன்று.

ஒரே ஞானஸ்நானம்

சரி, பிரிந்த சகோதரர்களுக்கும் நமக்கும் உள்ள உறவு எத்தகையது? அது ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது.

மூன்றாம் நூற்றாண்டிலேயே இது பற்றிப் பெரும் வாக்குவாதம் எழுந்தது. பிரிவினைச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் திரும்பி வந்தால், மீண்டும் கொடுக்க வேண்டும் என்றார் ஆபிரிக்க ஆயர் புனித சிப்பிரியான். கூடாது என்றார் பாப்பரசர் புனித முதலாம் ஸ்தேவான். பாப்பரசரின் கருத்தே நிலைத்தது. கொடுப்பவரின் தகுதியில் அல்ல, கிறிஸ்துவின் வல்லமையிலேயே அந்த அருட்சாதனம் தங்கியிருக்கிறது என்பதே அதன் காரணம். இன்றும் தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால், முறையாக ஞானஸ்நானம் பெற்ற ஓர் அங்கிலிக்கரோ மெதடிஸ்தரோ நம் திருச்சபைக்கு வந்தால், அவருக்கு நாம் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மூவொரு கடவுளின் பெயரைச் சொல்லாமல் கொடுக்கும் கூட்டங்களின் விஷயம் வேறு. அதைத் திருச்சபை ஞானஸ்நானமாக ஏற்பதில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கிறது. அவர்கள் அன்னியர் அல்லர்; பாகம் பிரிந்துபோன உடன்பிறப்புகள். திருமணச் சட்டத்திலும் இதைக் காணலாம். கத்தோலிக்கப் பெண் ஒருத்தி ஞானஸ்நானம் பெற்ற மெதடிஸ்த இளைஞரை ஆயரின் அனுமதியோடு முறைப்படி மணந்தால், அந்தத் திருமணம் ஓர் அருட்சாதனம். சைவ இளைஞர் ஒருவரைத் திருச்சபையின் விலக்குப் பெற்று மணந்தால், அது உண்மையான, செல்லுபடியாகும் திருமணமே. ஆயினும் அருட்சாதனம் அன்று. ஒன்றை மற்றொன்றோடு திருச்சபை குழப்புவதில்லை. இரண்டில் எதையும் இழிவுபடுத்துவதுமில்லை.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ல் கிறிஸ்தவ ஒற்றுமை பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, பிரிவினைக்கு இரு தரப்பாரும் பொறுப்பு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1054 முதல் நிலவிய சாபத்தீர்ப்புக்களைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் கீழைத் திருச்சபையின் பிதாப்பிதா அத்தனாகோரசும் 1965-ல் நீக்கினர். மனிதர் இறைவனுக்கு ஏற்றவராவது எப்படி என்பதே லுத்தர் எழுப்பிய பெரிய கேள்வி. அது பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் 1999-ல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் கையொப்பமிட்டனர்; 2006-ல் மெதடிஸ்த சபையாரும் அதில் இணைந்தனர். தமிழிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வெளிவந்தது.

தெமோதரைப் புகையிரத நிலையத்தை அறியாதார் நம் வாசகருள் இரார். பதுளைக்குப் புறப்படும் வண்டி நிலையத்தை விட்டு விலகி, மலையைச் சுற்றி இறங்கி, கடைசியில் அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. தூரப் போய்விட்டோம் என்று நினைக்கும் பயணி, தான் புறப்பட்ட இடத்துக்குக் கீழேதான் போகிறார். பிரிந்து போன சகோதரரும் அப்படியே. அவர் கையிலிருக்கும் வேதாகமமும், அவர் அழைக்கும் இயேசுவின் திருப்பெயரும் அவர் பிறந்த வீட்டுக்குரியவை.

2019 ஏப்ரல் 21-ல் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. முதலிரண்டும் கத்தோலிக்கக் கோவில்கள். மூன்றாவது சுவிசேஷ சபையாரின் ஆலயம். கொலைகாரர் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. உயிர்த்த ஆண்டவரை ஒரே காலையில் வாழ்த்தப் போனவர்களின் இரத்தம் ஒன்றாகவே சிந்தியது.

ஆனால் ஒற்றுமை நிறைவு பெற்றுவிட்டது என்று பாசாங்கு செய்யவும் கூடாது. நற்கருணையை நாம் இன்னும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளாதது அதனால்தான். அது வெறுப்பின் அடையாளமன்று. ஆறாத புண்ணின் அடையாளம். புண்ணை மூடிக் கட்டிவிட்டு ஆறிற்று என்று சொல்லும் வைத்தியர் நல்ல வைத்தியரல்லர்.

சொரூபமும் நேர்த்திக்கடனும்

"நீங்கள் சிலை வணங்கிகள்" என்ற குற்றச்சாட்டுக்கு நம் பதில் என்ன? 787-ல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆராதனை இறைவன் ஒருவருக்கே. சொரூபத்துக்குச் செய்யும் வணக்கம், அது குறிக்கும் புனிதரையே சாரும். தாயின் படத்துக்கு மாலை போடும் மகன், கடதாசியைத் தாயென்று நினைக்கிறானா?

தேர், கொடி, தாலி, பொட்டு முதலியவை அஞ்ஞான வழக்கங்கள் என்ற பேச்சும் புதிதன்று. மதுரையில் பணியாற்றிய தத்துவ போதகர் ரொபேர்ட்டோ தெ நொபிலி இதே குற்றச்சாட்டுக்கு ஆளானார். குற்றம் சாட்டியவர்களோ சக கத்தோலிக்கர். குடுமியும் சந்தனமும் பூணூலும் நாட்டு வழக்கங்கள் என்று ஏற்று, 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றுக்கு இடமளித்தார். ஓர் ஊரின் வழக்கம் வேறு, ஒரு தெய்வத்தின் வழிபாடு வேறு என்ற பகுத்தறிவு அன்றே பேசப்பட்டது.

ஆயினும், வாசகர்களே, நம் மனச்சாட்சியையும் சற்றுத் தொட்டுப் பார்ப்போம். புனித அந்தோனியாரிடம் "பிள்ளை பாஸானால் இத்தனை மெழுகுதிரி" என்று பேரம் பேசுபவர் நம்மிடையே இல்லையா? திருவிழாவன்று கூடு தூக்க முந்துபவர், மறுநாள் அயல்வீட்டாரோடு வேலிச் சண்டையில் கத்தி தூக்குவதில்லையா? அஞ்ஞானம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இறைவனை நம் காரியத்துக்கு வேலையாளாக்கும் மனப்பான்மை எந்தச் சமயத்துக்குள்ளும் புகும். சொரூபமே இல்லாத செபக் கூடத்துக்குள்ளும் புகும். காணிக்கை கொடுத்தால் வியாதி தீரும், கடன் தீரும் என்பதும் அதே பேரந்தான்.

கோவில் வீட்டுப் பொங்கல்

இனி நம் இந்து, பௌத்த அயலாரின் விஷயம். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழமொழியைச் சிலர் அவர்கள் மீது வீசுவர். அந்தச் சொல்லைச் சொன்னவர் நாம் மேலே கண்ட புனித சிப்பிரியான். அவர் அதைச் சொன்னது, வேண்டுமென்றே திருச்சபையை உடைத்துக்கொண்டு போனவர்களுக்கு. கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாத உழவனுக்கல்ல. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பீனி என்ற குருவானவர், கத்தோலிக்கர் அல்லாத எவருக்கும் மோட்சமில்லை என்று கடுமையாகப் போதித்தார். 1949-ல் உரோமை அந்த விளக்கத்தைத் தவறென்று அறிவித்தது. அவர் கீழ்ப்படிய மறுத்ததால் 1953-ல் அவரே திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். 1972-ல்தான் மீண்டும் ஒப்புரவானார்.

தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சாட்சியின் குரலுக்குப் பணிந்து நடப்பவர்கள் இறையருளால் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. 1965-ல் வெளியான மற்றோர் ஏடு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானே, எந்தக் கோவிலுக்குப் போனாலென்ன என்று கேட்கலாமா? கூடாது. மீட்படைகிற எவரும் கிறிஸ்துவின் வழியாகவே மீட்படைகிறார் என்பது நம் விசுவாசம். அதை விட்டுவிட்டால் அயலாருக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இராது. நம் மலைப்பகுதிச் சைவரிடம் கேட்டுப் பாருங்கள். தம் சமயமும் நம் சமயமும் ஒன்றேயென்று சொன்னால் அவரும் உள்ளூரச் சிரிப்பார். வேறுபாட்டை மறைப்பது மரியாதையன்று.

தோட்டத்தில் அன்றாடம் எழும் ஒரு சங்கடத்தைப் பார்ப்போம். மாரியம்மன் திருவிழாவன்று பக்கத்துக் காம்பராவிலிருந்து பொங்கல் வருகிறது. வாங்குவதா, விடுவதா? கொரிந்து நகரக் கிறிஸ்தவர்கள் இதே கேள்வியைப் புனித சின்னப்பரிடம் கேட்டார்கள். அவர் ஒரு வரியில் பதில் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் அவர் சொல்வதன் சாரம் இது: வேறு தெய்வத்தின் பந்தியில் வழிபாடாகப் பங்குகொள்ளாதே. ஆனால் உணவு உணவுதான். அயலான் அழைத்தால் மனங்கலங்காமல் உண். உன் செயலால் பலவீனமான ஒரு சகோதரன் இடறுவானென்றால், அவன் பொருட்டு விட்டுவிடு. ஆக, அவர் கேட்கச் சொல்வது சோற்றைப் பற்றி அல்ல. கொடுப்பவரின் மனதைப் பற்றியும், பார்ப்பவரின் மனதைப் பற்றியும். கோவிலில் பூசை செய்ய நாம் போவதில்லை. ஆனால் அன்போடு வாசலில் நீட்டிய பாத்திரத்தைத் தட்டிவிடும் கை, யாருக்குச் சாட்சி சொல்கிறது? கிறிஸ்மஸ் பலகாரத் தட்டை நாம் கொண்டுபோகும்போது அவர்கள் கதவைச் சாத்தினால் நமக்கு எப்படியிருக்கும்?

நம் பதுளை மறைமாவட்டம் 1972-ல் உருவானது. அதன் முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை, கண்டி மறைமாவட்டத்தை விட்டு, வசதி குறைந்த இம்மக்களிடம் வந்தவர். மொனராகலை மாவட்டத்தில் புத்தலவுக்கு அருகே, பௌத்த கிராமத்தாரின் நடுவில், அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ 1980-ல் "சுப செத் கெதர" என்ற சிறு இல்லத்தை அமைத்து, அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தார். 1987 நவம்பர் 10-ல் திருப்பலி முடியும் வேளையில் அங்கேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 1630-ல் ஆயுதத்தோடு வந்த சிலுவையையும், 1987-ல் ஆயுதமின்றி நின்ற சிலுவையையும் ஊவா மண் கண்டிருக்கிறது. எதில் கிறிஸ்து இருந்தார் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மகளுக்குச் சொன்ன பதில்

அன்று அந்த மகளுக்கு இவ்வளவும் சொல்ல நேரமிருக்கவில்லை. "அம்மா கும்பிட்டது இயேசுவைத்தான் மகள். அம்மாவைத் தீர்க்கிறது அவர் கையில. அண்ணன் கையிலயும் இல்லை, என் கையிலயும் இல்லை. உன் வீட்டுக்காரருடைய மனதையும் அவருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னோம். பின்னர் கானோரம் நின்ற மூத்த மகனிடம் போனோம். செபமாலை சொல்லும்படி அவரைக் கேட்கவில்லை. "குழியடியில் அருளப்பர் சுவிசேஷம் பதினோராம் அதிகாரத்திலிருந்து லாசர் உயிர்த்த பகுதியை நீங்கள் வாசிப்பீர்களா? உங்கள் அம்மா அல்லவா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாமல் நின்றார். பின் தம்முடைய கறுப்பு அட்டை வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நாம் ஆண்டவர் என்று வாசிக்குமிடத்தில் அவர் கர்த்தர் என்று வாசித்தார். நாம் கடவுள் என்னுமிடத்தில் தேவன் என்றார். அங்கு நின்ற எவரும் அதனால் இடறவில்லை. பாதியில் அவர் குரல் உடைந்தபோது, பக்கத்தில் நின்ற சைவ மருமகன்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூன்று பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக மண் அள்ளிப் போட்டார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் எழுத மாட்டோம். மூத்த மகன் இன்றும் பூசைக்கு வருவதில்லை. மருமகன் இவ்வாண்டும் காவடி எடுத்தார். ஆனால் தாயின் ஆண்டுத் திவசத்துக்கு மூவரும் ஒரே காம்பராவில் ஒரே பானைச் சோற்றை உண்டார்கள் என்று அறிந்தோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்: சபை மாறிப்போன ஒரு தம்பி, கோவிலுக்குப் போகும் ஒரு சம்பந்தி. அவரை எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள்? பதிதர் என்றும் அஞ்ஞானி என்றும் உதட்டால் சொல்வதை நாம் விட்டு வெகுகாலமாகிறது. உள்ளத்தால் சொல்வதையும் விட்டுவிட்டோமா என்பதை, இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வோமாக.